வெள்ளையாக விட்ட வீடுகள்

தப்பித்துவிட்டார்களாம். ஒன்பதாம் நம்பர் வீட்டுக்காரர்கள் எல்லாரும் தப்பித்துவிட்டார்களாம். யார் உனக்குச் சொன்னது, கண்ணு? அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள் மிஞ்சியிருந்தால்கூட, அந்த ஆள் என்னைத் தேடி வந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். நீயும் அந்தக் கட்டத்துக்கு நீலம் அடித்திருப்பாய்.

மனசுக்குள் இவ்வளவும் ஓடியது. வாய் மட்டும் திறக்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று அளவெடுத்துச் செய்த நாற்காலியில், முழங்கால் மேசையில் இடிக்க, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள் பட்டியலக்கா.

அது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. நினைவுச் சங்கத்தில் யாரோ விளையாட்டாகக் கூப்பிடப்போய், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா போட்டு அழைக்கும் அளவுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. பதினெட்டு வருஷத்துக்கு முன், அவள் பிறந்த ஊரில், நான்கே நாளில் ஒரு இனத்தையே துடைத்துவிடப் பார்த்தார்கள். மிஞ்சியவர்கள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். அதில் ஒரு நூறு குடும்பம் இந்த ஊரில் வந்து ஒதுங்கியது. அவர்கள் கூடி வைத்ததுதான் சங்கம். கொல்லப்பட்டவர்களின் பெயர்களைச் சேகரித்துச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. ஆறு வருஷத்தில் ஆயிரத்து முந்நூறு பெயருக்கு மேல் சேர்ந்திருந்தது. பொது நூலகத்தின் பக்கச் சுவரில் அவற்றைக் கல்லில் செதுக்க நகராட்சி ஒருவழியாகச் சம்மதித்திருந்தது. ஒரே நிபந்தனை, பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ஒரு பாடமாகவும் இருக்க வேண்டும். அந்தப் பாடத்தின் முதல் ஒத்திகைதான் இன்று.

பாடத்தைத் தயாரித்தவள் இந்த வகுப்பு டீச்சர். கெட்டிக்காரி, அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆயிரம், லட்சம் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு மண்டையில் ஏறாது, ஒரே ஒரு தெருவைக் கொடுங்கள் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். பட்டியலக்கா யோசிக்காமல் தன் தெருவைக் கொடுத்தாள். இருபத்திரண்டு வீடு. ஒவ்வொரு படிவத்திலும் இறந்தவரின் பெயர், வயது, வீட்டு எண், கையெழுத்திட்ட உறவினர். பிள்ளைகள் படிவங்களைப் படித்து, பெரிய தாளில் தெருவை வரைந்து, யாரையாவது பறிகொடுத்த வீட்டுக்கு நீல வர்ணம் அடிக்க வேண்டும்.

அடித்தார்கள். பன்னிரண்டாம் நம்பரை ஒரு பையன் நாக்கைக் கடித்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே ஒரு பொட்டுக்கூடப் போகாமல் அடித்தான். அது அவள் வீடு. அதில் அவளுடைய அண்ணனும், அண்ணனின் ஐந்து வயது மகனும் இருந்தார்கள். அவன் அவ்வளவு கவனமாக அடித்ததைப் பார்த்து, அவளுக்கு இதற்காகத்தானே இத்தனை பாடு என்று ஒரு நிமிஷம் மனசு நிறைந்துகூடப் போனது.

பிறகு டீச்சர் தாளைக் கரும்பலகையில் ஒட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டாள்.

பதினெட்டு நீலம். நாலு வெள்ளை. நாலாம் நம்பர், ஒன்பது, பத்து, பதினேழு.

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, வெள்ளை வீடுகள் தப்பித்துவிட்டன என்றாள். டீச்சர் தலையாட்டினாள். எப்படித் தப்பித்திருப்பார்கள் என்று வகுப்பைக் கேட்டாள். பிள்ளைகளுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. முன்னாடியே விஷயம் தெரிந்து ஓடியிருப்பார்கள் என்றது ஒன்று. ஒளிந்திருப்பார்கள் என்றது இன்னொன்று. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பையன், ரொம்ப யோசித்து, நிதானமாகச் சொன்னான்:

"ஒம்போதும் பத்தும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு மிஸ். ரெண்டும் சேர்ந்து மத்தவங்களைக் காட்டிக்கொடுத்திருக்கலாம்ல?"

"நல்ல கோணம்," என்றாள் டீச்சர். பலகையில் எழுதவும் செய்தாள். 'ஏன் சிலர் மட்டும் தப்பித்தார்கள்? மூன்று காரணங்கள்.'

நாலாம் நம்பர் உண்மையிலேயே தப்பித்த வீடுதான். அவர்கள் முந்தின வருஷமே வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போனவர்கள். பதினேழு வீடே இல்லை, பூட்டிக் கிடந்த தையல் கடை. ஒன்பதில் ஆறு பேர். பத்தில் மூன்று பேர். கடிகாரம் பழுது பார்ப்பவர், அவர் மனைவி, கல்யாணம் ஆகாத மகள். ஒன்பது பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அதனால் கையெழுத்துப் போட ஆள் இல்லை. அதனால் படிவம் இல்லை. அதனால் வெள்ளை.

மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது. டீச்சரிடம் சொன்னாள். டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. ஐயோ என்று நெஞ்சில் கைவைத்தாள். பொய்யில்லாத ஐயோதான். பலகையில் இருந்ததை அவசரமாக அழித்தாள். பிறகு கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, அவள் கண்டுபிடித்த வழியைச் சொன்னாள். படிவ நகலில் வீட்டு எண்ணை மறைத்துவிடலாம். வரைபடத்தை எடுத்துவிடலாம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெயருக்கு ஒரு கடிதம் எழுதட்டும்.

"பிள்ளைங்களுக்கும் குழப்பம் இருக்காது மேடம். அழகாவும் இருக்கும்."

அழகாக இருக்கும். அதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை. எண்ணை எடுத்துவிட்டால் கேள்வி வராது. கேள்வி வராவிட்டால் ஒன்பதும் பத்தும் வெள்ளையாகக்கூட இருக்காது, தாளிலேயே இருக்காது. பார்க்கலாம் டீச்சர் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டாள்.

கோபம் யார் மேல் என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. அந்தப் பையன் மேலா? அவன் கொடுத்த தாளைப் படித்தான், தாள் சொன்னதைச் சொன்னான். டீச்சர் மேலா? அவளுக்குக் கிடைத்தது சங்கம் கொடுத்த படிவம். சங்கத்துக்குப் படிவம் எழுதிக் கொடுத்தது யார்?

அங்கே போய்த்தான் முட்டிக்கொண்டு நின்றது. அது அவள் எழுதிய படிவம்.

சங்கம் தொடங்கிய முதல் வருஷம், வாயில் வந்த பெயரையெல்லாம் எழுதி ஒரு புத்தகம் போட்டார்கள். அதில் ஒருவர் உயிரோடு இருந்தார். எங்கோ ஒரு ஊரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், தன் பெயரை இறந்தவர்கள் வரிசையில் பார்த்துவிட்டு போன் செய்து சிரித்தார். அவர் சிரித்தது பெரிதில்லை. அப்படியொரு கொலையே நடக்கவில்லை என்று சாதிப்பவர்கள் அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். செத்தவர் லாரி ஓட்டுகிறார், மற்றவர்கள் என்ன ஓட்டுகிறார்களோ என்று எழுதினார்கள். அந்த வாரம் முழுக்கச் சங்கத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்போது எழுந்து நின்றவள் இவள். மருத்துவமனை ஸ்டோரில் வேலை. மாத்திரை, கையுறை, ஊசி என்று எது வந்தாலும் எது போனாலும் கையெழுத்தில்லாமல் அவள் கையைத் தாண்டாது. இனிமேல் நெருங்கிய சொந்தக்காரர் ஒருவரின் கையெழுத்து இல்லாமல் ஒரு பெயரும் ஏறக்கூடாது என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். அன்றைக்கு அவள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்கு நடந்தாள்.

ஆறு வருஷம் அந்த விதி யாரையும் தலைகுனிய வைக்கவில்லை. மறுப்பவர்கள் எவ்வளவு தோண்டியும் ஒரு பிசகு அகப்படவில்லை. எல்லாம் சரிதான். ஒருவராவது பிழைத்த வீட்டில் மட்டுமே மற்றவர்கள் செத்தவர்கள் ஆக முடிந்தது, அவ்வளவுதான் விஷயம். அடியோடு அழிந்த வீடு பட்டியலில் அழியாத வீடு. கொன்றவர்கள் எங்கே வேலையைச் சுத்தமாக முடித்தார்களோ, அங்கே அவளும் சுத்தமாக முடித்துக் கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் காலை ஸ்டோரில் அவளுக்குக் கை ஓடவில்லை. அலமாரியில் ஒரு பொருள் தீர்ந்துபோனாலும் அதன் அட்டை அங்கேயே தொங்கும். இருப்பு பூஜ்யம் என்று எழுதியிருக்கும். பூஜ்யம் என்றால் இருந்தது, இப்போது இல்லை என்று அர்த்தம். அட்டையே இல்லாவிட்டால் அப்படியொரு பொருளே கிடையாது என்று அர்த்தம். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பாள். பஞ்சு உருளைக்கும் பிளாஸ்திரிக்கும் கொடுத்த மரியாதையைக் கடிகாரக்காரருக்குக் கொடுக்க ஏன் தோன்றவில்லை? பெயரோடு வந்தவர்களுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து எழுதினாள். வராதவர்களை அவள் போய்த் தேடவில்லை. பதினெட்டு வருஷத்தில் பத்தாம் நம்பர் வீட்டை எத்தனை தடவை நினைத்தாய் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள்.  

சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராகச் செயலாளரைப் பார்க்கப் போனாள். சங்கச் செயலாளர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். காலமெல்லாம் கற்றுக்கொள்பவர்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே பழகியவர். பதற்றம் வந்தால், நாற்காலியில் இருக்கும்போதுகூட வலது கால் தானாகத் தரையை அழுத்தும், பிரேக்கைத் தேடுவதுபோல. சுவர் நிறையப் போக்குவரத்துக் குறிகள் ஒட்டிய அவருடைய ஆபீசில், அவள் சொல்லச் சொல்ல அந்தக் கால் அழுத்திக்கொண்டே இருந்தது.

மோசமான மனுஷர் இல்லை. நகராட்சிக்கு முப்பது தடவை நடந்திருக்கிறார். 'இனப்படுகொலை' என்ற சொல் கல்லில் வரலாமா கூடாதா என்று இரண்டு வருஷம் இழுத்தடித்தார்கள். 'துயரச் சம்பவங்கள்' என்று போடலாமே என்று ஒரு அதிகாரி அவரிடம் ஆதரவாகத் தோளைத் தட்டிச் சொன்னபோது, கையை எடுங்கள் சார் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு வந்த அன்று, இந்த ஆபீசில் உட்கார்ந்து அழுதார். அதனால் அவரோடு சண்டை போடுவதும் அவளுக்குச் சுலபமாக இல்லை.

அவர் விஷயத்தைப் புரிந்துகொண்டார். புரியவில்லை என்று நடிக்கக்கூட இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் நகராட்சிக்குக் கடிதம் போயாக வேண்டும். அடுத்த மாதம் தேர்தல். புது ஆட்கள் வந்தால் சுவர் என்ன, சங்கம் என்ன என்று முதலிலிருந்து கேட்பார்கள். கடிதத்தின் வாசகம் அவர்கள் கொடுத்தது. 'இணைப்பில் உள்ள பட்டியல் சரிபார்க்கப்பட்டது, முழுமையானது.' அதன் கீழே சரிபார்த்தவர் கையெழுத்து. நகராட்சிக் கோப்பில் சரிபார்ப்பவர் என்று பதிவாகியிருப்பது பட்டியலக்காவின் பெயர். அதை மாற்றப் பொதுக்குழு கூட்ட வேண்டும், இருபத்தொரு நாள் அறிவிப்பு கொடுக்க வேண்டும்.

அவள் ஒரு யோசனையோடுதான் வந்திருந்தாள். உறவினர் இல்லாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் கையெழுத்துப் போடட்டும். விதியைத் திருத்தலாம். எல்லாத் தெருவையும் இப்படி வரைந்து பார்க்கலாம்.

"எத்தனை தெரு?" என்றார் செயலாளர்.

"அறுபத்தி மூணு."

"எவ்வளவு நாள் ஆகும்?"

 ஒரு வருஷம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஏம்மா, நீயே போட்ட பூட்டு. நீயேதான் இப்ப சாவியத் தொலைச்சுட்டேங்கற," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். "விதியத் தளர்த்துனா அவங்க சும்மா இருப்பாங்களா? பக்கத்து வீட்டுக்காரன் கையெழுத்துல பொணம் கூடுதுன்னு எழுதுவாங்க. லாரிக்காரரை மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அதுதான் எரிச்சல். அவர் சொல்வதில் பாதி அவளே அவருக்குச் சொல்லிக்கொடுத்தது.

கடைசியில் செயலாளர் ஒன்று விட்டுக்கொடுத்தார். பெயர்கள் முடிந்ததும், கடைசி வரியாக, 'மற்றும் பலர்' என்று செதுக்கலாம். கல்வெட்டுக்காரரிடம் பேசிவிட்டார், இடம் இருக்கிறதாம். அவளுக்குக் கல்யாணப் பத்திரிகைதான் ஞாபகம் வந்தது. கடிகாரக்காரரும், ஒன்பதாம் நம்பர்ப் பிள்ளைகளும், சுற்றமும் நட்பும் சூழ. யோசிச்சுச் சொல்றேன் அண்ணே என்று எழுந்தாள். வாசலில் ஒரு பயிற்சிக் கார் பின்னால் வரத் தெரியாமல் ஒரே இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

வீட்டில் அண்ணி இருந்தாள்.

அண்ணனின் மனைவி. அந்த நாலு நாளில் தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையென்று பக்கத்து ஊருக்குப் போயிருந்தவள். பையனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று அவன் அப்பாவோடு விட்டுவிட்டுப் போனாள். அதைப் பற்றி இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், நாத்தனாரும் அண்ணியுமாகச் சண்டைபோட்டுக்கொண்டு, ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் கஞ்சி வைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். அண்ணி ஒரு லாண்டரியில் இஸ்திரி போடுகிறாள். போகும் வழியில்தான் அந்த நூலகச் சுவர்.

அண்ணிக்கு அந்தச் சுவர் மனப்பாடம். பெயர்கள் எந்த வரிசையில் வரும் என்று கல்வெட்டுக்காரரை நச்சரித்துக் கேட்டு, மூன்றாம் பத்தியில் இடம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். எட்டிப் பார்க்க வேண்டாம், குனிய வேண்டாம், நேராக நின்றால் கண்ணுக்கு நேராக வருகிறதாம். அண்ணனுக்கும் மகனுக்கும் புதைத்த இடம் என்று ஒன்று கிடையாது. காலையில் வேலைக்குப் போகும்போது அந்த இடத்தில் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் போவாள். வெறும் சுவர்தான், இன்னும் ஒரு எழுத்துகூட இல்லை.

பட்டியலக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். லாண்டரியிலிருந்து வந்தும் வீட்டுத் துணியை அதே கணக்கில் நாலு மூலையும் சேர்த்துத்தான் மடிப்பாள்.

"ஒம்போதாம் நம்பர்காரியா? அவளோட எனக்குப் பேச்சே கிடையாதே," என்றாள்.

தெரியும். சாக்கடைத் தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் ஆரம்பித்த சண்டை. அண்ணி அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் அண்ணியைப் பார்த்தால் கோழியைத் திட்டுவதுபோல் அண்ணியைத் திட்டுவாள்.

"பிள்ளைங்க பேரு ஞாபகம் இருக்கா அண்ணி?"

"ஏன் இல்லாம? பொழுது சாஞ்சா போதும், வாசல்ல நின்னு ஒவ்வொண்ணா கத்துவா. தெருவே எழுந்து வீட்டுக்குப் போயிடும் போல இருக்கும்."

அண்ணி நாலு பெயரையும் சொன்னாள். மூத்ததிலிருந்து கடைசி வரை, மூச்சு விடாமல், அந்தப் பெண் கூப்பிட்ட அதே வரிசையில். கடைசிப் பெயரைச் சொல்லும்போது, கடைக்குட்டிக்கென்று அவள் இழுக்கும் இழுப்பும் அண்ணியின் குரலில் வந்துவிட்டது. 

பட்டியலக்கா பையிலிருந்து புதிய படிவம் ஒன்றை எடுத்தாள். பக்கத்து வீட்டார் என்று அவளே கையால் கோடு போட்டு எழுதியது. நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு, போட்டு வைப்போம் அண்ணி என்றாள்.

அண்ணி படிவத்தைப் பார்க்கவில்லை.

"முதல்ல வெள்ளிக்கிழமைக் கடிதாசியில நீ போடு. அப்புறமா நான் இதுல போடுறேன்."

"முழுசுன்னு எழுதிக் கொடுத்து, கல்லுலயும் வெட்டினதுக்கு அப்புறம் இதை யார் அண்ணி வாங்குவாங்க?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. அவளுக்கு நான் பரிதாபப்படலைன்னு நினைச்சுக்காத. அவ நல்லவதான், வாய்தான் ஊருக்கு வெளியில வரைக்கும் கேக்கும். ஆனா எம்புள்ள எதுக்காகக் காத்திருக்கணும்? உன் ரூலை நான் போடச் சொன்னேனா?"

 அண்ணி கேட்டதில் தப்பே இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் கூட்டத்தில் கை தட்டியவர்களில் அண்ணி இல்லை. அன்றைக்கு அவள் லாண்டரியில் இருந்தாள். பட்டியலக்கா படிவத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். அன்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

இடையில் இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளில் அவள் முட்டாத கதவில்லை. நகராட்சி ஆபீசுக்குப் போன் செய்தாள். 'முழுமையானது' என்ற சொல்லுக்குப் பதிலாக 'இதுவரை கிடைத்தது' என்று போடலாமா என்று கேட்டாள். அந்தப் பக்கம் பேசிய பெண் மிகவும் கனிவாக, அது நிர்ணயித்த வாசகம் மேடம், மாற்றினால் சட்டப் பிரிவுக்குப் போகும் என்றாள். சட்டப் பிரிவுக்குப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு, தேர்தல் முடியட்டும் என்றாள். டீச்சருக்குப் போன் செய்தாள். பிள்ளைகள் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டதாகவும், ஒன்று இரண்டு படித்தால் அழுகையே வந்துவிடும் என்றும் டீச்சர் சொன்னாள். அந்தச் ஜன்னலோரத்துப் பையன் என்ன எழுதினான் என்று கேட்டாள். அவன் கொஞ்சம் சோம்பேறி மேடம், இன்னும் கேள்வியே கேட்டுக்கிட்டிருக்கான் என்றாள் டீச்சர். என்ன கேள்வி என்று கேட்பதற்குள் வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

விட்டுவிடலாமா என்றும் தோன்றாமல் இல்லை. ஒரு கையெழுத்து. நூறு குடும்பத்துக்கு நிம்மதி. மறுபக்கம் ஒன்பது பேர், கேட்க நாதியில்லாதவர்கள், நாளைக்கு வந்து ஏன் போட்டாய் என்று சட்டையைப் பிடிக்கப்போவதில்லை. யாரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் இதில் இருக்கும் ஒரே வசதி என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பு கூசியது. இதே வசதியை நம்பித்தானே அன்றைக்கு அவர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள்.

வியாழக்கிழமை மாலை சங்க அறையில் கூடினார்கள். ஒரு மரச்சாமான் கிடங்குக்கு மேலே இருந்த நீள அறை. வார்னிஷ் வாசனை எப்போதும் மாடி ஏறி வந்துகொண்டிருக்கும். செயலாளர், கல்வெட்டுக்காரர், இன்னும் நாலைந்து பேர். ஓரத்தில், லாண்டரி உடுப்பை மாற்றாமலே வந்த அண்ணி. கடிதம் மேசைமேல் இருந்தது. பேனாவும் இருந்தது, மூடியைக் கழற்றியே வைத்திருந்தார்கள்.

அவள் நின்றபடியே சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னாள். காட்டிக்கொடுத்திருக்கலாம் என்று பையன் சொன்னதைச் சொன்னபோது யாரோ உச்சுக் கொட்டினார்கள். கல்வெட்டுக்காரர் மட்டும், "எங்க தெருவுலயும் அப்படி ரெண்டு வீடு இருக்கு," என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.  அவருடைய அப்பாவின் பெயர் பட்டியலில் நாலாம் பத்தியில் இருந்தது.

விதி அவள் போட்டது, தப்பு அவளுடையது, அதை அவள் ஒப்புக்கொள்கிறாள் என்றாள். ஒரு வருஷம் கேட்டாள்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். செயலாளர் ரொம்பப் பொறுமையாக, 'மற்றும் பலர்' என்ற வரியை முதல் வரியாகவே போடலாம், பெரிய எழுத்தில் போடலாம் என்றார். ஒரு வயதான அம்மாள், எனக்கு எண்பது ஆகிறது தாயி, ஒரு வருஷம் என்று நீ ஈசியாகச் சொல்கிறாய் என்றாள். இன்னொருவர், இறந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியவா போகிறது என்று ஆரம்பித்தவர், எந்தக் கூட்டத்தில் இதைச் சொல்கிறோம் என்று உறைத்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

 கீழே மரத்தை இழைக்கும் சத்தம் கேட்டது. செயலாளரின் கால் தரையை அழுத்தியது.

அண்ணி எழுந்து வந்தாள். மேசைப் பக்கம் வந்து, கடிதத்தின் கசங்கிய ஓரத்தை உள்ளங்கையால் நீவிச் சரிசெய்தாள். தொழில் பழக்கம். பேனாவை எடுத்து நாத்தனாரின் கையில் வைத்தாள். இஸ்திரிச் சூட்டில் காய்த்துப்போன தன் விரல்களால் நாத்தனாரின் விரல்களை அதன் மேல் மடக்கிவிட்டாள்.

"இத்தனை வருஷத்துல உங்கிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்ல," என்றாள். எல்லாருக்கும் கேட்கும்படி இல்லை, அவளுக்கு மட்டும். "உங்கண்ணன் பேரு. எம்புள்ள பேரு. எனக்காகப் போட்டுடு."

உண்மைதான். கேட்டதில்லை. உப்பு வாங்கி வா என்றுகூட அண்ணி கேட்டதில்லை, தானே போய் வாங்கிக்கொள்வாள்.

பட்டியலக்கா உட்கார்ந்தாள். கடிதத்தை இன்னொரு முறை முழுக்கப் படித்தாள். தேதி, முகவரி, பொருள், அந்த ஒரு வாக்கியம், அதன் கீழே அவளுக்காக விட்ட கோடு. இணைப்பைப் புரட்டி மூன்றாம் பத்திக்குப் போனாள். அண்ணன் பெயர். அதன் கீழே பையன் பெயர்.  அண்ணி பக்கத்திலேயே நின்றாள். அவள் மூச்சு இவள் தோளில் பட்டது.

பேனாவை மூடினாள். கடிதத்தைச் செயலாளர் பக்கமாகத் திருப்பி, அவர் படிக்கத் தோதாக நேரே வைத்தாள்.

"என்னால முடியாது அண்ணி," என்றாள்.